கண் திரையில் வளரும் கட்டி

பயிரின் இலையில் சிறு புள்ளி கண்டாலும் நாம் உற்று நோக்குகிறோம். நமது கண்ணில் தோன்றும் புள்ளியையோ பொருட்படுத்துவதில்லை.

கண்ணின் பாவையைச் சுற்றி வட்டமாக அமைந்த நிறத்திரைக்குக் கதிராளி என்று பெயர். வெயிலில் பாவையைச் சுருக்குவதும் இருளில் விரிப்பதும் இதன் வேலையாகும். இத்திரையில் காணும் மச்சம் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அது வளர்ந்தாலோ, பாவை கோணலானாலோ, பார்வை மங்கினாலோ வாளாவிருத்தல் ஆகாது. அது புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். முள்ளோ கம்பியோ கண்ணைத் துளைத்தால், மேற்பரப்பின் அணுக்கள் உட்புகுந்து நாளடைவில் நீர்க்கட்டியாக வளர்வதும் உண்டு.

மருத்துவர் உருப்பெருக்கி விளக்கினால் ஆராய்ந்து, படமெடுத்து, வளர்ச்சியைக் கவனித்து வருவார். வளரும் சிறு கட்டியாயின், விழியின் ஓரத்தில் கீறி, கட்டியுள்ள திரைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சிலருக்குக் கதிர்ச் சிகிச்சை ஏற்றதாகும். திரை குறைந்தமையால் வெளிச்சத்தில் கண் கூசலாம். ஆயினும் கண் பிழைக்கும். புற்று பரவிவிட்டாலோ கண்ணையே அகற்ற நேரிடும்.

1819-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு கண் மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரெயிலிலேயே செல்லலாம். கண்ணில் முள் தைத்தால் அதனைப் பிடுங்கவோ, கண்ணைக் கசக்கவோ, பச்சிலைச் சாறு, தாய்ப்பால் முதலியன ஊற்றவோ கூடாது. அன்றே மருத்துவரிடம் அனுப்புவதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் கடமையாகக் கொள்வார்களாக.