லாஹௌல்-ஸ்பிதி ஜில்லா: சரித்திரமும் ஜனத்தொகையும்

இமாசலப் பிரதேசத்தின் வடபாகத்தில் லாஹௌல்-ஸ்பிதி என்னும் ஜில்லா உளது. அதன் விஸ்தீரணம் சுமார் 13,800 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே வசித்தோர் 31,564 பேரே. அதாவது, சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு இரண்டு பேர். அதே கணக்கில் தமிழ்நாட்டில் 555 பேர். இத்துணைப் பரந்த பூமியில் ஜனங்கள் இவ்வளவு சொற்பமாயிருப்பதன் காரணத்தை அறிவது ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் பயன் தருவதாகும்.

சரித்திரம்: லாஹௌலும் ஸ்பிதியும் முற்காலத்தில் வெவ்வேறு நாடுகள். சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாய் அவ்விரண்டையும் பிரிக்கின்றது. முன்னது குலு அரசர்களுக்கும், பின்னது லடாக்குக்கும் நெடுங்காலம் உட்பட்டிருந்தன. 1846-இல் இரண்டும் பிரிட்டிஷார் வசமாகி, பின்னர் காங்க்ரா ஜில்லாவின் பகுதியாக ஆளப்பட்டன. 1960-இல் பஞ்சாப் ராஜ்யத்தில் தனி ஜில்லாவாயின. 1966-இல் அந்த ஜில்லா இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தது. கேலாங் அதன் தலைமை ஸ்தலம்.

ஜனக்குறைவின் காரணங்கள்: பூமி பெரிதாயினும் பயிரிடத்தக்க நிலம் மிகக் குறைவு. பெரும்பகுதி பாறையும் உறைபனியுமே. உயர்ந்த மலைகள் பருவமழையைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே பனி உருகிய நீரைக் ‘குல்’ என்னும் வாய்க்கால்களின் வழியே கொணர்ந்தே வேளாண்மை செய்கின்றனர். வாய்க்கால் எட்டும் அளவே ஊர். அதற்கு அப்பால் குடியில்லை. நிலம் துண்டுபடாதிருக்கும் பொருட்டு, ஸ்பிதியில் மூத்த மகனே நிலத்துக்கு உரியவனாவதும், இளையோர் பௌத்த மடம் சேர்வதும் பழைய வழக்கம். இவ்வழக்கமும் குடும்பங்கள் பெருகாமல் தடுத்தது.

கூட்டு முயற்சி: இவ்வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிடுகின்றனர். இது நமது குடிமராமத்தை ஒத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரேவியப் பாதிரிமார் லாஹௌலில் உருளைக்கிழங்கைப் பரவச் செய்தனர். குளிர் மிகுந்த அவ்விடத்தில் பயிர்நோய் பரப்பும் பூச்சிகள் குறைவாதலால், அங்கு விளையும் கிழங்கு நல்ல விதையாகின்றது. ஆனால், மலை கடந்து சமவெளிச் சந்தைக்கு அதைக் கொண்டு செல்வது ஒரு குடியானவனால் தனித்து இயலாத காரியம். 1966-இல் விவசாயிகள் உருளைக்கிழங்கு விற்பனைக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்.

கவலைக்குரிய நிலை: 2001-இல் 33,224 ஆக இருந்த ஜனத்தொகை, பத்து வருஷத்தில் 1,660 குறைந்தது. ஜனநெருக்கமுள்ள ஜில்லாவில் இத்தொகை அற்பம். இங்கோ, இருபதில் ஒருவர் குறைந்ததற்குச் சமம். ஆட்கள் குறையின் வாய்க்கால் தூர்ந்துவிடும். வாய்க்கால் தூர்ந்தால் ஊரே நில்லாது. 2020-இல் ரோதாங் கணவாயின் கீழ் 9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதற்குமுன் மாரிக்காலத்தில் பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்த லாஹௌலுக்கு அது வழி தந்தது. அவ்வழியே விளைபொருள் வெளியேறுமாயின் நன்று. இளைஞரே வெளியேறிவிடின் நஷ்டம்.

அங்கத்தினர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஜனத்தொகைக் கணக்கைப் பார்க்குங்கால், எத்தனை பேர் என்பதோடு நில்லாது, எவ்வளவு நீர், எவ்வளவு நன்செய், வாய்க்கால் வெட்ட எத்தனை கைகள் என்பவற்றையும் தத்தம் கிராமத்துக்கு எழுதிப் பார்ப்பார்களாக.