பசுமைக்குடிலுக்குள் ஒரு பீப்பாய் தண்ணீர்

வெயிலில் நிறுத்தி வைத்த காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். கண்ணாடியால் கட்டிய பசுமைக்குடிலிலும் பகலில் இதுதான் நடக்கிறது. ஆனால் வெயில் போன பிறகு அந்தச் சூடு எவ்வளவு நேரம் தங்கும்? நமக்கு இது பெரிய கேள்வி இல்லை. இங்கிலாந்தில் வீட்டின் பின்புறத்தில் சிறிய பசுமைக்குடில் வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. அங்கே வாழும் தமிழர் பலர் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார்கள். வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஓர் இரவு போதும், பல ஆண்டுகள் வளர்த்த செடி கருகிவிடலாம். திசுக்களில் உருவாகும் பனிப்படிகங்கள் உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றின் சவ்வைச் சிதைக்கின்றன. காலையில் இலைகள் வெந்த கீரைபோலத் துவண்டு கிடக்கும்.

முதலில், பகலில் குடில் ஏன் சூடாகிறது? "ஒளி உள்ளே வருகிறது, அகச்சிவப்புக் கதிர் வெளியே போக முடியாமல் கண்ணாடியில் மாட்டிக்கொள்கிறது" என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இது பாதி விடைதான். 1909இல் ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றைக் கண்ணாடியால் மூடினார். மற்றொன்றை அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகட்டால் மூடினார். இரண்டின் மீதும் விழும் வெயில் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்த வெப்பநிலையில் ஒரு டிகிரி வேறுபாடுகூட இல்லை!

அப்படியானால் குடிலைச் சூடாக வைப்பது பெரும்பாலும் வேறு ஒன்று. வெயிலில் காய்ந்த மண் தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்குகிறது. திறந்தவெளியில் அந்தக் காற்று மேலே எழுந்து போய்விடும். குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். குடிலின் கூரை இந்த வெப்பச்சலனத்தைத் தடுத்துவிடுகிறது. எனவே உடைந்த ஒரு கண்ணாடி, சரியாக மூடாத ஒரு கதவு என்று காற்று நுழையும் வழிகளை அடைப்பதுதான் குளிர்காலத்தின் முதல் வேலை. செலவும் குறைவு.

இனி ஒரு சின்னக் கணக்கு. குடிலின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2 மீட்டர், கூரை தட்டை என்று கொள்வோம். உள்ளே 10 கன மீட்டர் காற்று இருக்கும். அதன் எடை ஏறத்தாழ 12 கிலோ. ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி குளிரும்போது சுமார் 1 கிலோஜூல் வெப்பம் தரும். 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால், 12 கிலோ காற்றும் சேர்ந்து தருவது 120 கிலோஜூல்.

இழப்பு எவ்வளவு? சுவர்களும் கூரையும் சேர்ந்து 23 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், நொடிக்கு ஏறத்தாழ 6 ஜூல் இழக்கும். வெளியே 0, உள்ளே 5 டிகிரி என்றால் 23 × 6 × 5 = 690. நொடிக்கு 690 ஜூல்! காற்றில் இருக்கும் 120 கிலோஜூல் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. பகலில் குடில் எவ்வளவு கொதித்தாலும், காற்று ஒரு மோசமான சேமிப்புப் பெட்டி.

இந்த இடத்தில்தான் தண்ணீர் வருகிறது. அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு 4.2 கிலோஜூல். 200 லிட்டர் தண்ணீர் உள்ள ஒரு பீப்பாய் 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரும்போது 200 × 4.2 × 10 = 8,400 கிலோஜூல் தரும். குடிலில் உள்ள மொத்தக் காற்றைப் போல 70 மடங்கு. பீப்பாய்க்குக் கறுப்பு வண்ணம் பூசி வெயில் படும் இடத்தில் வைத்தால் பகலில் அதிக வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும்.

ஆனால் இழப்பையும் மறக்காதீர்கள். நொடிக்கு 690 ஜூல் வீதம் 10 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 25,000 கிலோஜூல் போய்விடும். ஒரு பீப்பாய் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். மூன்று பீப்பாய்கள் வைத்தால் செடிக்கு இடமிருக்காது! இதைவிட, காற்றுக்குமிழ்கள் நிறைந்த 'பபிள் ராப்' தாளை உள்பக்கமாக ஒட்டுவது நல்லது. குமிழுக்குள் அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், இழப்பு பாதிக்கு அருகில் குறையும். அப்போது அதே ஒரு பீப்பாய் தேவையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, வெயிலும் மந்தம். பீப்பாய் 15 டிகிரியை எட்டாத நாள்களே அதிகம். அதனால் என் கணிப்பில் தாளுக்குத்தான் முதலிடம், பீப்பாய்க்கு இரண்டாமிடம்.

வடசீனாவின் விவசாயிகள் இந்த இரண்டையும் ஒரே கட்டடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர்களின் குடிலில் வடக்குப் பக்கம் தடித்த மண் அல்லது செங்கல் சுவர். அதுதான் அவர்களின் பீப்பாய். தெற்குப் பக்கம் பிளாஸ்டிக் தாள். மாலையானதும் அதன்மேல் வைக்கோல் பாயை விரித்துவிடுவார்கள், காலையில் சுருட்டுவார்கள். வெளியே கடும் உறைபனி நிலவும்போதும், பெரும்பாலும் அடுப்பு மூட்டாமலேயே காய்கறி விளைகிறது.

சரி, வெப்பநிலை 0 டிகிரிக்கே வந்துவிட்டால்? தண்ணீர் அப்போதும் ஓர் உதவி செய்கிறது. அது உறையும்போது ஒவ்வொரு கிலோவும் 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். 200 கிலோ முழுவதும் உறைந்தால் 66,800 கிலோஜூல், அதாவது முன்பு கிடைத்ததைப் போல ஏறக்குறைய 8 மடங்கு. பழைய காலத்தில் குளிர்நாட்டு மக்கள் நிலவறையில் ஆப்பிளையும் உருளைக்கிழங்கையும் சேமிக்கும்போது பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தது இதற்காகத்தான். ஆனால் இந்த வெப்பம் 0 டிகிரியில்தான் வருகிறது. முட்டைக்கோசுக்கு அது போதும், கறிவேப்பிலைக்குப் போதாது. உறையும் நீர் 9 விழுக்காடு விரியும் என்பதால் பீப்பாயை விளிம்புவரை நிரப்பவும் கூடாது.

மண்ணெண்ணெய் அடுப்பு வைப்பவர்களும் உண்டு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். அது கண்ணாடியில் படிந்து சொட்டும், இலைகளில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். அதை வெளியேற்றச் சன்னலைத் திறந்தால் வெப்பமும் கூடவே போய்விடும்.

குளிர்காலம் இல்லாத நம் ஊரிலும் இதைச் சோதிக்கலாம். மூடியுள்ள ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை எடுங்கள். ஒன்றில் காலி போத்தலையும், மற்றொன்றில் தண்ணீர் நிரம்பிய போத்தலையும் வையுங்கள். இரண்டிலும் வெப்பமானி வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரே தட்டில் அடுக்குங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து, இரண்டு வளைவுகளையும் ஒரே வரைதாளில் வரையுங்கள். பிறகு தண்ணீர்ப் பெட்டியைச் செய்தித்தாளால் சுற்றி மீண்டும் செய்து பாருங்கள். மூன்றாவது வளைவு எங்கே அமையும் என்பதை, சோதனைக்கு முன்பே பென்சிலால் போட்டு வைத்துவிடுங்கள்.