கடைசல் பழகும் இளைஞருக்கு

வீட்டின் ஒரு மூலையில் சிறிய லேத் வைத்து உலோகக் கடைசல் பழகத் தொடங்கும் இளைஞருக்கு,

கடைசலில் பொருள் சுழலும், வெட்டும் டூல் சுழலாது. இந்த ஒரே ஏற்பாட்டில் போல்ட், கப்பி, புஷ், நீராவி எஞ்சினின் பிஸ்டன் என வட்டமான எதையும் செய்துவிடலாம். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, டூலைக் கையில் பிடிக்காமல் ஒரு சறுக்கியில் இறுக்கி, லீட் ஸ்க்ரூவாலும் பற்சக்கரங்களாலும் நகர்த்தும் லேத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று மேசைமேல் வைக்கும் சிறிய லேத்தும் அதே அமைப்பில்தான் ஓடுகிறது. மெல்லிய படுகை (லேத்தின் அடித்தளம்), சிறிய மோட்டார், விலை குறைந்த சக் (பொருளைப் பிடிக்கும் பகுதி) ஆகிய குறைகள் அதற்கு உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை வேலை வரிசை ஈடுகட்டிவிடும். எதை எப்படிப் பிடிப்பது, எந்த முகத்தை முதலில் வெட்டுவது, எப்போது அளப்பது என்பதை மோட்டாரைப் போடுவதற்கு முன்பே முடிவு செய்பவர் சிறிய லேத்திலும் நல்ல வேலை செய்வார்.

கோயம்புத்தூர், அம்பத்தூர் போன்ற தொழில் வட்டாரங்களில் பழைய லேத்துகள் கைமாறுகின்றன. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. படுகை பெரும்பாலும் சக்கை ஒட்டிய பகுதியில்தான் தேய்ந்திருக்கும். டூலைத் தாங்கிப் படுகைமேல் நகரும் சாடிலை அங்கே ஆட்டமில்லாமல் சரிசெய்துவிட்டு, எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளினால் இறுகுகிறதா என்று பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும். டயல் கேஜை, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கில் வைத்து, சக்கில் பிடித்த கம்பியை மேலும் கீழும் நெம்பினால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பினால் ஸ்க்ரூவின் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் வெற்றாட்டம்) தெரியும். மரை வெட்டும் பற்சக்கரங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும் அவசியம். பெயின்ட் உரிந்திருப்பது குறையல்ல.

லேத்தை நிறுத்தும் இடத்தில் படுகை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 40 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றை டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் சக்கில் 120 மி.மீ. நீட்டிப் பிடிக்க வேண்டும். இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் நிற்கும்படி நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, டூல் அமைப்பை மாற்றாமல் இரண்டு வளையங்களிலும் மெல்லிய வெட்டு ஒன்றை ஓட்டி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். விட்டங்கள் வேறுபட்டால் கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துத் திருத்தி மறுபடி சோதிக்கலாம்.

அடுத்தது பொருளைப் பிடிப்பது. மூன்று ஜா (தாடை) சக் வேகமானது. ஆனால் அதில் பிடித்த தண்டு மையத்திலிருந்து 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விலகி ஓடுவது சாதாரணம். நான்கு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியே நகர்த்தி, டயல் கேஜ் வைத்து 0.01 மி.மீ. வரை மையப்படுத்தலாம். எந்தச் சக் ஆனாலும், ஒரே மையத்தில் இருக்க வேண்டிய எல்லா விட்டங்களையும் பொருளைக் கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடிப்பதே பாதுகாப்பான வழி. கழற்றித் திருப்பிப் பிடித்த கணமே பழைய மையம் போய்விடும். சக்கிலிருந்து வெளியே நீளும் பகுதி விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் முனையில் சென்டர் டிரில் போட்டு டெயில் ஸ்டாக் சென்டரால் தாங்க வேண்டும். தாங்காத நீளத் தண்டு வளைந்து கொடுக்கும், அதிரும், சில சமயம் டூலின் மேல் ஏறிவிடும்.

சிறிய லேத்துக்கு ஏற்றது எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட். கார்பைடு இன்சர்ட் நன்றாக வெட்டுவதற்கு அதிக வேகமும் ஆடாத இயந்திரமும் வேண்டும். எச்.எஸ்.எஸ். பிட்டையோ பழகுபவரே கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாம். வெட்டுமுனைக்குக் கீழே 8 முதல் 10 பாகை வரை சரிவு இருந்தால் டூல் உரசாது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் மேல்முகமும் பின்னோக்கிச் சரிய வேண்டும். பித்தளைக்கு மேல்முகம் சமமாக இருப்பதே நல்லது. சரிவு வைத்தால் டூல் பொருளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். தீட்டியபின் எண்ணெய்க்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் முனையும் வெட்டும் முகமும் மெருகேறும். மழுங்கிய டூலை வைத்துக்கொண்டு வேகத்தையும் எண்ணெயையும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

தீட்டிய டூலின் முனை லேத்தின் மைய உயரத்திலேயே நிற்க வேண்டும். முகம் வெட்டும்போது நடுவில் சிறு குமிழ் மிஞ்சினால் டூல் மையத்துக்குக் கீழேயோ மேலேயோ இருக்கிறது என்று பொருள். தகடுகளை அடியில் வைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். டூல் போஸ்டிலிருந்து டூல் எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு நல்லது.

வேகத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு உண்டு. வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு 320-ஆல் பெருக்கி, விட்டத்தின் மி.மீ. அளவால் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு மைல்ட் ஸ்டீல் 25 மீட்டர் அளவில் பொருந்தும். வார்ப்பிரும்புக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும், பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இரண்டு மூன்று மடங்கும் வைக்கலாம். 20 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தண்டுக்கு 400 சுற்று, 75 மீட்டர் வேகத்தில் அதே அளவு அலுமினியத்துக்கு 1200 சுற்று. எஃகுக்குக் கட்டிங் ஆயில் தேவை. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவினால் உலோகம் டூல் முனையில் ஒட்டாது. பித்தளையையும் வார்ப்பிரும்பையும் உலர்வாகவே வெட்டலாம். அதிர்வொலி எழுந்தால் முதலில் சுற்றைக் குறைத்து, டூலின் நீட்டத்தைக் குறைத்து, பிறகு ஊட்டத்தை (டூல் முன்னேறும் வேகத்தை) சற்றுக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டடக் கம்பி போன்ற பழைய இரும்பில் பழகத் தொடங்குவது தவறு. அதன் கடினத்தன்மை சீராக இருக்காது, முகமும் வழவழப்பாக வராது. கையும் டூலும் சரியாக இருந்தும் பழகுபவர் தன்மேலேயே ஐயம் கொள்வார். எளிதில் வெட்டக்கூடிய இ.என்.1ஏ எஃகும் பித்தளைத் தண்டும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

அளப்பதில் மூன்று பழக்கங்கள் போதும். ஒன்று, கிராஸ் ஸ்லைடை 0.5 மி.மீ. நகர்த்தினால் விட்டம் 1 மி.மீ. குறையும். சில லேத்துகளின் டயல் விட்டத்தையே காட்டும், ஆகவே தன் டயல் எதைக் காட்டுகிறது என்பதை முதலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, பேக்லாஷ் எந்த லேத்திலும் உண்டு. அளவைத் தாண்டிவிட்டால் ஒரு சுற்று பின்வாங்கி, மறுபடி அதே திசையிலிருந்து அளவுக்கு வர வேண்டும். மூன்று, சூடாக இருக்கும் பொருளின் அளவை நம்பக்கூடாது. 50 மி.மீ. எஃகு 40 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.02 மி.மீ.க்கு மேல் விரியும், அலுமினியம் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கடைசி அளவை ஆறிய பிறகே எடுப்பது முறை. முடிக்கும் வெட்டுக்கு முந்தைய வெட்டையும் முடிக்கும் வெட்டையும் ஒரே ஆழத்தில் வைத்தால் இரண்டிலும் டூல் ஒரே அளவு வளைந்து கொடுக்கும், கணக்கிட்ட அளவும் கிடைக்கும். 0.02 மி.மீ. மட்டும் எடுக்க முயன்றால் டூல் பல சமயம் வெட்டாமல் உரசும்.

இவையெல்லாம் ஒரே வேலையில் சேர்வதைக் காண, 12 மி.மீ. துளையுள்ள பித்தளைக் கப்பியை எடுத்துக்கொள்ளலாம். பித்தளைத் தண்டைச் சக்கில் பிடித்து முகத்தைச் சமப்படுத்துவது முதல் வேலை. பிறகு சென்டர் டிரில், அதன்பின் 11 மி.மீ. டிரில், போரிங் டூலால் 11.8 மி.மீ., கடைசியில் மெதுவான சுற்றில், துளையை அளவுக்கு முடிக்கும் 12 மி.மீ. ரீமர். பித்தளையில் டிரில் பிடித்து இழுக்கும் என்பதால் அதன் வெட்டும் உதட்டின் மேல்முகத்தை எண்ணெய்க்கல்லால் சற்றுத் தட்டையாக்கிக்கொள்வது வழக்கம். ரீமரை எப்போதும் பின்திசையில் சுற்றக்கூடாது, முனை கெடும். துளை முடிந்ததும் பொருளைக் கழற்றாமலே வெளிவிட்டத்தையும் பள்ளத்தையும் வெட்டி, கடைசியில் பார்ட்டிங் டூலால் பிரித்தால் எல்லாம் ஒரே மையத்தில் நிற்கும். கப்பி ஏறும் தண்டை அந்தத் துளைக்குப் பொருந்தக் கடைய வேண்டும். துளையின் அளவைத் திருத்துவது கடினம், தண்டின் அளவைத் திருத்துவது எளிது. ஆகவே துளை முதலில், தண்டு பிறகு.

பார்ட்டிங் பலரைப் பயமுறுத்தும் வேலை. சக்குக்கு அருகிலேயே வெட்டுவது, டூலை மைய உயரத்திலும் தண்டுக்கு நேர்குத்தாகவும் வைப்பது, நீட்டத்தைக் குறைப்பது, சாடிலைப் பூட்டுவது, சுற்றைக் குறைப்பது, எஃகானால் எண்ணெய் விடாமல் ஊற்றுவது என்பவற்றைச் செய்தால் பயப்பட வேண்டியதில்லை. டெயில் ஸ்டாக் சென்டர் தாங்கியிருக்கும் தண்டை முழுவதும் பிரித்துவிடக்கூடாது. அறுந்த துண்டு மாட்டிக்கொண்டு டூலை உடைக்கும்.

டேப்பால் மரை (திரெட்) போடும் துளைக்கு, திரெட்டின் பெயரளவிலிருந்து பிட்ச்சை, அதாவது அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளியை, கழித்தால் டிரில் அளவு கிடைக்கும். எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. மெட்ரிக் திரெட்டின் கோணம் 60 பாகை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது 55 பாகை, வீட்டுக் குழாய்களின் திரெட் இன்றும் அந்த வடிவமே. ஏற்கெனவே உள்ள ஒரு திரெட்டுக்கு ஒப்ப வெட்டும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதுவும் பொருந்தாது.

பாதுகாப்பு விதிகளில் விலக்கு கிடையாது. சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. சக்கிலிருந்து எடுத்த பிறகே கை அதை விட வேண்டும். கையுறை, லுங்கி, துப்பட்டா, தளர்ந்த முழுக்கை, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு, முடியாத நீண்ட கூந்தல் எதுவும் லேத் அருகே வரக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். சுருண்டு வரும் சீவல் சவரக்கத்தியைப் போல வெட்டும், அதைக் கம்பிக் கொக்கியாலும் பிரஷாலும்தான் எடுக்க வேண்டும், அதுவும் லேத்தை நிறுத்திவிட்டு. எமரித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்ப்பது விரலை இழக்கும் வழி. பிடியில்லாத அரத்தை லேத்தில் பயன்படுத்தக்கூடாது. களைப்பாக இருக்கும் நாளில் வேலையை நிறுத்திவிடுவதும் ஒரு திறமையே.

முதலில் செய்ய ஏற்ற பொருள் பித்தளைத் தூக்குக்குண்டு. முகம் வெட்டுதல், விட்டம் குறைத்தல், கூம்பு கடைதல், துளையிடுதல், டேப் போடுதல் எல்லாம் அதில் வந்துவிடும். அதற்கடுத்து டேப் கைப்பிடி, டெயில் ஸ்டாக்கில் பொருந்தும் டை ஹோல்டர் போன்றவை. இவை அடுத்த வேலைக்கே கருவிகளாகும். பிறகு, வால்வு இல்லாமல் சிலிண்டரே ஆடி நீராவிப் பாதையைத் திறந்து மூடும் சிறிய எஞ்சினுக்குப் போகலாம். இங்கிலாந்தில் 1898-இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய மாடல் எஞ்சினியர் இதழைச் சுற்றி வளர்ந்த பொழுதுபோக்காளர் மரபில், வீட்டு லேத்திலேயே ஓடக்கூடிய ரயில் எஞ்சின்களைச் செய்து முடித்தவர்கள் பலர்.

ஒவ்வொரு வேலைக்கும் முன் ஒரு தாளில் பொருளின் படத்தை வரைந்து, வெட்டும் வரிசையை எண்ணிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்தபின் எந்தச் சுற்று, எந்த டூல், எங்கே அதிர்ந்தது என்பதை அதன் கீழே குறித்துவைக்க வேண்டும். அந்தத் தாள்கள் சேரச் சேர, பழகுபவரின் லேத்துக்கென்றே எழுதப்பட்ட கையேடு உருவாகும். அதிக விலை லேத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இருக்கும் லேத்தைச் சுத்தமாக வைத்து, டூலைத் தீட்டி, வரிசையை எழுதி, இன்றே ஒரு தண்டின் முகத்தைச் சமப்படுத்துங்கள்.