பாம்புக்கு ஏற்ற கலம்: கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா?

பாம்பைக் காப்பில் வைத்துப் பேணுவது எளிய செயல் அன்று. நாய், பூனை போன்ற பிராணிகள் தமக்கு ஒவ்வாத இடத்தைக் குரலால் தெரிவிக்கும். பாம்புக்கு அவ்வாறு முறையிடும் குரல் இல்லை. ஒவ்வாத கலத்தில் இடப்பட்ட பாம்பு வாரக்கணக்கில் அசையாமல் சுருண்டு கிடக்கும். காண்போர் அதனை அமைதி என்று எண்ணுவர். பின்னர் ஒருநாள் அது இறந்து கிடக்கும்.

இப்பொருளைப் பற்றிய அறிவு இன்று இந்தியாவில் முன்னைவிட மிகுதியாகத் தேவைப்படுகின்றது. அயல்நாடுகளிலிருந்து கடத்தி வரப்படும் பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத் துறையினர் விமான நிலையங்களில் பலமுறை கைப்பற்றியுள்ளனர். அவ்வாறு கிடைத்த உயிர்களை முதல் நாளிலிருந்தே பாதுகாக்க வேண்டிய பொறுப்பு அதிகாரிகளையும் வனத்துறைப் பணியாளரையும் சேர்கின்றது. வீட்டில் அயல்நாட்டுப் பாம்பு வளர்க்கும் மாணவன் ஆசிரியரிடம் ஐயம் கேட்பதும் உண்டு. இவ்விருவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, பாம்பைக் கண்ணாடித் தொட்டியில் வைப்பதா, பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதா என்பதேயாகும்.

சட்டத்தின் நிலை

இந்திய நாட்டுப் பாம்புகளுக்கு இக்கேள்வி எழுவதற்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள நல்ல பாம்பு, சாரைப் பாம்பு, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வளர்ப்புப் பிராணியாக வைத்திருப்பது குற்றமாகும். மீட்கப்பட்ட பாம்பு தக்க அதிகாரியின் பொறுப்பில் குறுகிய காலம் மட்டுமே வைக்கப்பட்டு, அதற்குரிய இயற்கை இடத்தில் விடப்பட வேண்டும்.

அயல்நாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இந்தியா 1976ஆம் ஆண்டு முதல் உறுப்பு நாடாக உள்ளது. அதன் பட்டியலில் பந்து மலைப்பாம்பு இடம்பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும், அதன்கீழ் 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட விதிகளும், இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று கூறுகின்றன. இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் முதற் கடமையாகும்.

பாம்பின் தேவை யாது?

பாம்பு தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகின்றது. இரை செரிக்க வேண்டுமானால் வெதுவெதுப்பான இடத்தை நாடும். வெப்பம் மிகுந்தால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். ஆகவே கலத்தின் ஒரு முனை வெப்பமாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருத்தல் இன்றியமையாதது. பந்து மலைப்பாம்புக்கு ஒரு முனையில் 31 முதல் 32 டிகிரி சென்டிகிரேடும், மறுமுனையில் 26 டிகிரி அளவும் ஏற்றவை. அமெரிக்க நாட்டின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்புக்கு 29 டிகிரியும் 23 டிகிரியும் போதுமானவை.

இரண்டாவது தேவை காற்றின் ஈரம். பாம்பு சட்டை உரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அதன் கண்கள் பால் படர்ந்தாற்போல் மங்கும். அப்பொழுது காற்று வறண்டிருந்தால் சட்டை முழுமையாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழியும். கண்ணை மூடியுள்ள மெல்லிய படலம் கழலாமல் தங்குமாயின் கண்ணுக்குக் கேடு விளையும். வாலின் நுனியில் வளையமாக இறுகுமாயின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்நுனி அழியும்.

மூன்றாவது தேவை மறைவிடம். பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்கா முதல் உகாண்டா வரையுள்ள புல்வெளிப் பகுதிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்து, இரவில் வெளிவருவது. நாற்புறமும் வெளிச்சம் புகும் இடத்தில் அதனை வைத்தால் பல மாதங்கள் இரையெடுக்க மறுப்பதும் உண்டு.

இரு கலங்களின் இயல்பு

லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849ஆம் ஆண்டில் ஊர்வன இல்லம் திறக்கப்பட்ட காலந்தொட்டு, பாம்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டும் வழக்கம் பரவிற்று. அங்கே நோக்கம் மக்கள் பார்ப்பது. இன்று பெட்டிகள் செய்யப் பயன்படும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் 1950களில்தான் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பாம்பைப் பெருக்கி விற்போர் பின்னர் அப்பெட்டிகளை அடுக்குகளில் வைத்து வளர்க்கலாயினர். அங்கே நோக்கம் இடமும் செலவும் குறைவது. ஆகவே இரண்டில் எதுவும் பாம்பின் தேவையை முதலில் கருதி உண்டானது அன்று.

கண்ணாடியின் முதற்குறை அதன் எடை. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உடைய தொட்டியை 6 மில்லிமீட்டர் கண்ணாடியால் செய்தால் அது ஏறக்குறைய 24 கிலோகிராம் நிறுக்கும். அதே அளவில் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கால் ஆன பெட்டி நான்கரைக் கிலோகிராமுக்கு மேற்படாது. பாம்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் களப்பணியாளர்க்கு இவ்வேறுபாடு பெரிது. தவறி விழுந்தால் கண்ணாடி உடையும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, வெந்நீரால் கழுவலாம், பாம்பின் நிலையைக் கலத்தைத் திறவாமலே காணலாம். பிளாஸ்டிக்கில் நாளடைவில் விழும் கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். வெப்ப விளக்கை அதன்மேல் வைத்தால் உருகவும் கூடும்.

மூடியே முக்கியம்

கண்ணாடித் தொட்டி வறண்டு போகும், பிளாஸ்டிக் பெட்டி ஈரம் காக்கும் என்று பொதுவாகக் கூறுவர். இது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் சுவர் அன்று, மூடியே. கண்ணாடியும் நீராவியை வெளியே விடாது, பிளாஸ்டிக்கும் பெரிதும் விடாது. கண்ணாடித் தொட்டியின் மேற்புறம் முழுவதும் கம்பி வலையால் மூடப்படுவதால் வெப்பக் காற்றும் ஈரமும் அவ்வழியே வெளியேறுகின்றன. பிளாஸ்டிக் பெட்டியில் சில துளைகளே இடப்படுவதால் ஈரம் உள்ளேயே தங்குகின்றது.

வலையின்மேல் வெப்ப விளக்கு எரியுமானால் வறட்சி இன்னும் மிகும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 32 டிகிரியில் ஏறக்குறைய 34 கிராம் தாங்கும். ஆகவே 25 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை, நீர் சேர்க்காமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 41 விழுக்காடாகத் தாழ்கின்றது. நீரின் அளவு குறையவில்லை. காற்றின் தாகமே பெருகியது. பந்து மலைப்பாம்புக்கு ஏறக்குறைய 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும் என்பதை நோக்க, அது சட்டை உரிக்க இயலாமல் இடர்ப்படுவதன் காரணம் விளங்கும்.

இதற்கு மாறாக, காற்றோட்டமின்றி நீர் தேங்கிய பிளாஸ்டிக் பெட்டியில் வேறொரு தீங்கு நேர்கின்றது. எப்பொழுதும் நனைந்த தரையில் கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்களில் கொப்புளங்கள் தோன்றும். தேங்கிய காற்றில் சுவாச நோயும் பற்றும். காற்று ஈரமாகவும் தரை உலர்ந்தும் இருத்தலே வேண்டுவது.

இரு குறைகளும் நீக்கத்தக்கவையே. கண்ணாடித் தொட்டியின் வலையில் முக்காற் பங்கைத் தகட்டால் மூடி, மூன்று பக்கங்களிலும் வெளிப்புறமாகக் காகிதம் ஒட்டினால் ஈரமும் மறைவும் கிட்டும். பிளாஸ்டிக் பெட்டியில் எதிரெதிரான இரு பக்கங்களிலும் துளையிட்டால் காற்று குறுக்கே ஓடும். எவ்வகைக் கலமாயினும் மூடி தாழிடத்தக்கதாக இருத்தல் வேண்டும். தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் பாம்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

ஊரின் தட்பவெப்பம்

பாம்பு வளர்ப்பைப் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டினுள் 20 டிகிரியளவே வெப்பம் இருக்கும். ஆகவே வெப்பமூட்டுவதே அவர்தம் முதற் கவலை. அவ்வறிவுரையை இந்தியாவில் அப்படியே பின்பற்றுதல் ஆபத்தானது. சென்னையில் கோடைப் பகலில் அறையின் வெப்பமே 33 டிகிரியைத் தாண்டும்; கடற்காற்றில் ஈரமும் மிகுதி. அங்கே விளக்கு தேவையில்லை, காற்றோட்டமே தேவை. ஆகவே வலை மூடிய தொட்டியோ, நிறையத் துளையிட்ட பெட்டியோ பொருந்தும். டெல்லியில் மே மாதத்து வறண்ட அனல் காற்றில், ஈரம் காக்கும் பெட்டியைக் குளிர்ந்த அறையில் வைப்பது நலம். அதே டெல்லியில் ஜனவரி இரவில் வெப்பமூட்டாமல் முடியாது. எனவே கலத்தைத் தேர்வதில் பாம்பின் இனத்தோடு ஊரையும் பருவத்தையும் கருத வேண்டும்.

வெயிலில் வைக்கும் தவறு மட்டும் எந்த ஊரிலும் நேரக் கூடாது. வெயில் புகுந்த மூடிய கலத்தில், கண்ணாடியாயினும் பிளாஸ்டிக்காயினும், சில நிமிடங்களிலேயே பாம்பின் உயிரைப் போக்கும் அளவுக்கு வெப்பம் ஏறக்கூடும்.

இந்நாட்டு மக்கள் தம் ஊருக்கேற்ற கலத்தைத் தாமே கண்டதற்கு ஒரு சான்று உண்டு. 1978ஆம் ஆண்டில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கி வந்துள்ளது. அங்கே அரசின் அனுமதியுடன் பிடிக்கப்படும் நச்சுப் பாம்புகள் மண்பானைகளில் இடப்பட்டு, பானையின் வாய் பருத்தித் துணியால் கட்டப்படும். சில வாரங்களில் நஞ்சு எடுத்தபின் அவை மீண்டும் காட்டில் விடப்படும். பானையின் உள்ளே இருள். துணியின் வழியே காற்று. மண் ஈரமாயிருக்கும்போது குளிர்ச்சி. வெப்பம், காற்று, மறைவு என்னும் தேவைகளைக் குறுகிய காலத்துக்கு நிறைவு செய்யும் எளிய கலம் அது.

இடமும் காலமும்

சில நாட்கள் மட்டும் வைப்பதற்குச் சிறிய பெட்டியே போதும். இருளும் நெருக்கமும் பாம்பின் அச்சத்தைத் தணிக்கும். ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய பாம்புக்கு அது சிறையாகும். பாம்பு தன் உடலை முழு நீளத்துக்கும் நேராக நீட்ட இடம் வேண்டும் என்று பிராணி நல அறிஞர் பலர் அண்மையில் வலியுறுத்தி வருகின்றனர். அமெரிக்காவில் எலிப்பாம்புகளைக் கொண்டு நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியும் கருதத்தக்கது. வெறுங்கலத்தில் இருந்தவற்றைவிட, ஏறவும் ஒளியவும் பொருள்கள் இட்ட கலத்தில் வாழ்ந்த பாம்புகள் புதிய சூழலை எளிதில் சமாளித்தன என்று அது தெரிவித்தது.

கவனிக்க வேண்டுவன

1. வெப்பமூட்டும் தகட்டைத் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பச் சீராக்கியின்றிப் பயன்படுத்தலாகாது. அடியிலிருந்து சுடும் தரையை விட்டு விலகாமல் கிடந்தே பாம்பு தீப்புண் அடைவதுண்டு.

2. அலுவலகங்களில் வழக்கமாக உள்ள ஃபினாயிலைக் கலம் கழுவப் பயன்படுத்தலாகாது. அது பாம்புக்கு நஞ்சு. சோப்பு நீரால் கழுவி, நன்கு அலசி, உலர்த்துதல் வேண்டும்.

3. ஒரு கலத்தில் ஒரு பாம்பையே வைத்தல் வேண்டும். நீர்க்கிண்ணம் கவிழாததாக இருத்தல் வேண்டும்.

4. வாய் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் நுரை, மூக்கைச் சுவரில் ஓயாது உரசுதல், துண்டு துண்டாகச் சட்டை கழலுதல் ஆகியவை கலம் ஒவ்வாமையின் அறிகுறிகளாகலாம். ஒட்டிய சட்டையைக் கையால் உரிக்க முயலாமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

இப்பாடத்தை விளக்கப் பாம்பு தேவையில்லை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள வலை மூடிய கண்ணாடித் தொட்டி ஒன்றையும், மூடியில் சில துளைகள் இட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும் எடுத்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் நீருள்ள ஒரே அளவான கிண்ணம், வெப்பமானி, ஈரமானி ஆகியவற்றை வைத்து, வகுப்பறையின் நிழலில் ஒரு வாரம் விட வேண்டும். மாணவர் காலையும் மாலையும் அளவுகளைக் குறித்து வந்து, வார முடிவில் எஞ்சிய நீரை அளப்பர். தொட்டியில் நீர் மிகுதியாகக் குறைந்திருக்கும். அடுத்த வாரம் தொட்டியின் வலையில் முக்காற் பங்கைத் தகட்டால் மூடி அதே சோதனையைச் செய்தால் வேறுபாடு பெரிதும் குறையும். வேறுபாட்டின் காரணம் சுவரா மூடியா என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. வெப்பமானியும் ஈரமானியும் வைக்கப்படாத கலம் எதுவாயினும் நம்பத்தக்கதன்று. அவ்விரண்டும் வைத்து, அவை காட்டும் அளவுக்கேற்பத் திருத்தப்பட்ட கலம் எதுவாயினும், வேண்டிய இடமும் மறைவும் இருக்குமாயின், பாம்புக்கு ஏற்றதேயாகும்.