செஞ்சிக் கோட்டை முற்றுகை

கோட்டைப் போரைப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் இரு கூறாகக் கண்டனர். பகைவனது மதிலை வளைப்போர் உழிஞைப் பூவைச் சூடுவர். உள்ளிருந்து அம்மதிலைக் காப்போர் நொச்சிப் பூவைச் சூடுவர். தொல்காப்பியர் இவ்விரண்டனையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை இயற்றிய ஐயனாரிதனாரோ நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தார். வளைத்தலும் காத்தலும் ஒரு வினையின் இரு முகங்களே என்பது தொல்காப்பியர் கருத்துப் போலும். வளைக்க வந்தவனே வளைக்கப்பட்டு, உழிஞை சூடியவன் நொச்சியும் சூட நேர்ந்த போர் ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. அதுவே செஞ்சிக் கோட்டை முற்றுகை.

செஞ்சி இக்காலத்து விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை இணைத்து மூன்று கல் தொலைவுக்கு நெடுமதில் ஓடுகின்றது. மதிலின் பருமன் சில இடங்களில் ஏறத்தாழ 60 அடி. அதனை அடுத்த அகழியின் அகலம் ஏறத்தாழ 80 அடி. குன்றுகளில் எங்கு நோக்கினும் யானை யானையாக உருண்டு கிடக்கும் பாறைகள். இவற்றுள் இராசகிரியே தலையாயது. 800 அடிக்கு மேல் உயர்ந்தது. அதன் உச்சியை நெருங்குவோனை ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்று தடுத்து நிறுத்தும். அதன் மேல் இடப்பட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், சிலர் நின்று பலரைத் தடுக்கலாம். உச்சியில் நீர்ச்சுனை உண்டு, களஞ்சியம் உண்டு. அரணுக்குரியவை என வள்ளுவர் எண்ணிய நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கும் செஞ்சியில் ஒருங்கே அமைந்திருந்தன.

நாயக்கர் ஆண்ட இக்கோட்டையை 1649-இல் பீசப்பூர்ச் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி தென்னாட்டின்மேல் படையெடுத்து வந்து இதனைத் தம் வசமாக்கி, மதில்களையும் செப்பனிட்டார். தம் நாட்டிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஒரு மலைக்கோட்டைக்கு அவர் அத்துணைப் பொருளும் உழைப்பும் செலவிட்டது ஏன் என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

சிவாஜி 1680-இல் மறைந்தார். அவர் மைந்தர் சம்பாஜியை மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் சிறைப்பிடித்து 1689-இல் கொல்வித்தார். அவ்வாண்டே தலைநகராகிய இராயகட் வீழ்ந்தது. சம்பாஜியின் மனைவியும் இளமைந்தனும் சிறைப்பட்டனர். மராட்டிய அரசு அழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் சம்பாஜியின் தம்பி இராஜாராம் அகப்படவில்லை. அவர் சில துணைவரோடு துறவியர் கோலம் பூண்டு, பகைவரின் காவலைக் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். தந்தையார் செப்பனிட்ட கோட்டை மைந்தருக்குப் புகலிடமாயிற்று. அங்கே அரசவை கூடிற்று, அமைச்சர் நியமிக்கப்பட்டனர். ஓர் அரசு தன் நிலத்தை இழந்தும் உயிரை இழவாமல் நின்றது.

இராயகட்டை வென்ற தளபதி சுல்பிகர்கானையே ஔரங்கசீப் செஞ்சிக்கு அனுப்பினார். 1690-இல் அவர் வந்து சேர்ந்தார். மூன்று குன்றுகளையும் நெடுமதிலையும் ஒரு பக்கமும் விடாது சூழ்வதற்கு அவரிடம் இருந்த படை போதவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் மறுவாயில் வழியே நெல்லும் செய்தியும் உள்ளே சென்றன. உணவு புகும் வழி திறந்திருக்குமாயின் அதனை முற்றுகை என்பது பெயரளவேயாம். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரிடம் வெடிமருந்து வேண்டிப் பெறும் நிலையும் மொகலாயருக்கு உண்டாயிற்று.

மராட்டியருக்கோ பணமுடை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவர்கள் 1690-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட ஊர்களும் அவ்விற்பனையில் அடங்கும். அவ்வாறே குண்டு சுட்டு எல்லை வகுத்தனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அங்கே உழுது வாழ்ந்த குடிகளின் கருத்தை விற்றவரும் கேட்டிலர், கொண்டவரும் கேட்டிலர்.

1691-இல் சுல்பிகர்கானின் தந்தையும் பேரரசின் அமைச்சருமான ஆசத்கானும், ஔரங்கசீப்பின் மைந்தர் காம்பக்ஷும் துணைப்படையுடன் செஞ்சிக்கு அனுப்பப்பெற்றனர். படை பெருகிற்று, ஒற்றுமை குறைந்தது. இளவரசர் ஒரு புறம். அமைச்சரும் அவர் மகனும் மறுபுறம். ஒருவர் ஆணையை மற்றவர் மதிக்கவில்லை.

இந்நிலையில் 1692-ஆம் ஆண்டின் இறுதியில் சாந்தாஜி கோர்ப்படே, தானாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதியர் இருவரும் பெருங்குதிரைப் படையோடு வடக்கிலிருந்து விரைந்து வந்தனர். அவர்கள் நேரே சென்று மொகலாயர் பாசறையில் மோதவில்லை. அதற்கு உணவு வரும் வழிகளை அறுத்தனர். காஞ்சிபுரத்தில் அதிகாரம் செலுத்திய அலிமர்தான்கான் எதிர்த்துச் சென்று சாந்தாஜியிடம் சிறைப்பட்டார். செஞ்சியின் மதிற்புறத்தே தானாஜி தாக்கினார். கோட்டையைச் சூழ்ந்தவரை வேறொரு படை சூழ்ந்துகொண்டது. பாசறையில் தானியம் அருகிற்று. பேரரசரிடமிருந்து வர வேண்டிய கடிதங்களும் வரவில்லை. ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்ற பொய்ச்செய்தி பரவியது. அதனை நம்பிய காம்பக்ஷ், அரியணைப் போட்டியை எண்ணி அஞ்சி, கோட்டைக்குள் இருந்த இராஜாராமுடனேயே மறைவாகத் தொடர்பு கொண்டார். இதனை அறிந்த ஆசத்கானும் சுல்பிகர்கானும் தம் பேரரசரின் மகனையே காவலில் வைத்தனர்.

பின்னர், இழுத்துச் செல்ல இயலாத பெரும் பீரங்கிகளைப் பகைவருக்குப் பயன்படாதவாறு ஆணியடித்துக் கெடுத்துவிட்டு, 1693-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பட்டினியாலும் பகைவர் தாக்குதலாலும் வழியில் மடிந்தோர் பலர். அப்படையில் பணியாற்றிய பீம்சேன் என்பவர் பாரசீக மொழியில் எழுதிய வரலாறு இத்துன்பங்களைக் கூறுகின்றது. மதிலுக்கு உள்ளிருந்தோர் அப்போது பட்டினி கிடக்கவில்லை என்பது கருதத்தக்கது.

அதன்பின் முற்றுகை விட்டுவிட்டு நடந்தது. சுல்பிகர்கான் தஞ்சை வரை சென்று மன்னர் ஷாஜியிடம் திறை கொண்டார்; மீண்டும் செஞ்சிக்கு வந்தார்; மீண்டும் விலகினார். அவர் வேண்டுமென்றே காலம் கடத்துகின்றார் என அக்காலத்தவர் பலர் ஐயுற்றனர். எனினும் இக்கால நீட்டிப்புக்கு அவர் ஒருவரையே காரணராக்குதல் நடுநிலையாகாது. ஊதியம் காணாத வீரரையும் உணவில்லாத பாசறையையும் வைத்துக்கொண்டு மலைமேல் ஏறச் சொல்வது எளிதன்று.

இறுதியில் செஞ்சிக்கு உதவி வாராது போனதற்கு மராட்டியரின் உட்பகையும் காரணமாயிற்று. சாந்தாஜியும் தானாஜியும் பிணங்கித் தம்முள் போரிட்டனர். மொகலாயத் தளபதியர் பலரை அஞ்சச் செய்த சாந்தாஜி 1697-இல் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் கடைப்பகுதியில் சுல்பிகர்கான் முனைந்து தாக்கினார். தாவூத்கான் பன்னியும், புந்தேலத் தலைவர் தளபதராவும் அவருக்குத் துணைநின்றனர். 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்த முற்றுகை முடிந்தது, கோட்டை வீழ்ந்தது. ஆனால் யாரைப் பிடிக்கவேண்டி இத்தனை ஆண்டுகள் கழிந்தனவோ அவர் உள்ளே இல்லை. இராஜாராம் முன்பே வெளியேறி, மராட்டியர் வசமிருந்த வேலூர் சென்று, அங்கிருந்து தம் நாட்டை அடைந்துவிட்டார். அவர் குடும்பத்தாருள் சிலரே அகப்பட்டனர்.

வெற்றி யாருடையது? கோட்டை மொகலாயருடையதாயிற்று. காலமோ மராட்டியருடையதாயிற்று. பேரரசின் சிறந்த படைகளுள் ஒன்று செஞ்சியின் பாறைகளிடையே கட்டுண்டு கிடந்த அவ்வாண்டுகளில், வடக்கே மராட்டியத் தலைவர்கள் மீண்டும் கோட்டைகளைக் கைப்பற்றினர். குதிரைப் படைகளைத் திரட்டினர். இராஜாராம் 1700-இல் இறந்தபின்பும் அவர் மனைவி தாராபாய் போரை நடத்தினார். ஔரங்கசீப் 1707-இல் தக்காணத்திலேயே உயிர் துறந்தார். மராட்டியரை அவரால் அடக்க முடியவில்லை.

வென்ற கோட்டைக்குப் பேரரசர் ‘நஸ்ரத்கட்’ எனப் புதுப்பெயர் சூட்டினார். வெற்றிக் கோட்டை என்பது அதன் பொருள். அப்பெயர் ஏடுகளில் எழுதப்பட்டது. ஊரார் நாவில் ஏறவில்லை. சில ஆண்டுகளில் அக்கோட்டை புந்தேலத் தலைவர் சொரூப்சிங்கிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் மகன் தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குப் பணியாது 1714-இல் போர்க்களத்தில் மாண்டார். சில மாதங்களே ஆண்ட அவ்விளைஞரின் கதையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இரவெல்லாம் பாடினர். ஏழாண்டு முற்றுகையைத் தாங்கிய இராஜாராமைப் பற்றி அம்மக்கள் பாடியதாகத் தெரியவில்லை.