குடியை விட்ட பிறகு வரும் அவமானம்

குடியை நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆனவர்கள் பலர் சொல்வது இது: கைநடுக்கம் போய்விட்டது, தூக்கம் வருகிறது, சோறு இறங்குகிறது, தெருவில் தலைகாட்டத்தான் முடியவில்லை. மளிகைக் கடையில் பாக்கி இருப்பதால் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மகளின் பள்ளி வாசலில் தள்ளாடி நின்றது, அக்கா வீட்டு வளைகாப்பில் போட்ட சண்டை என்று பழையதெல்லாம் தெளிந்த மூளைக்குள் வரிசையாக வருகிறது. மறுபடி டாஸ்மாக் பக்கம் கால் போவதும் இந்த நாட்களில்தான். அவமானத்தை மறக்க இத்தனை வருஷம் கைவசம் இருந்த வழி அது ஒன்றுதானே.

குடிநோயை மருத்துவம் நோயாகவே பார்க்கிறது. அதற்காகச் செய்ததெல்லாம் இல்லை என்றாகிவிடாது. ஆனால் 'நான் கேவலமானவன்' என்று உட்கார்ந்திருந்தால் அடுத்துச் செய்ய எதுவும் இருக்காது. 'மனைவியின் வளையலை அடகு வைத்தேன்' என்று நோட்டில் எழுதினால், மீட்க என்ன வழி என்று யோசிக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எழுதுங்கள். சிறியதிலிருந்து தொடங்குங்கள். "அண்ணாச்சி, குடிய விட்டுட்டேன். பாக்கி எவ்ளோன்னு பாருங்க, வாரம் 200 ரூபா தர்றேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நாலு வார்த்தை கேட்கலாம். அடுத்த வாரமும் பணத்தோடு போய் நில்லுங்கள்.

1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த 12 படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் இதைத்தான் சொல்கின்றன. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: சரிசெய்யப் போவதால் எதிராளிக்குத் தீங்கு வருமென்றால் போகக் கூடாது. உங்களிடம் அடிபட்ட மனைவி பேச விரும்பவில்லையென்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு நெருக்காதீர்கள். அவர் மன்னித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இத்தகைய பெரிய காயங்களை ஆற்றுப்படுத்துநரிடம் பேசிய பிறகே தொடுங்கள்.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது இனி வேண்டாம். வீட்டில் அதைப் பலமுறை கேட்டாயிற்று. வாயை முகர்ந்து பார்த்தாலும் சட்டைப் பையைத் துழாவினாலும் கோபப்படாதீர்கள். சம்பளத்தை அன்று மாலையே வீட்டில் கொடுங்கள்.

கல்யாணம், காதுகுத்துகளை முதல் சில மாதங்கள் தவிர்க்கலாம். போயே ஆக வேண்டுமென்றால் சாப்பிட்டதும் கிளம்புங்கள். "மாப்ள, ஒரு கட்டிங்" என்பவரிடம், "மாத்திரை சாப்பிடுறேன், ஆகாது" என்றால் போதும். முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. வீட்டாருக்கு ஒரு வார்த்தை: குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

சறுக்கிவிட்டால் அன்றிரவே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ஒரு நாள் குடி ஒரு மாதக் குடியாகிவிடும். தினமும் அதிகமாகக் குடிக்கும் நிலைக்குத் திரும்பியவர், வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்போ சித்தப்பிரமையோ வரலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அங்கே போகத் தயங்குகிறவர்களே அதிகம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால், முதலில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசுங்கள், இரண்டுக்கும் கட்டணமில்லை.