சேர்ந்து ஒலிக்கும் பறை

பிள்ளையார் சதுர்த்தி நெருங்குகிறது. மும்பையில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே மேளச் சத்தம் கேட்கிறது. வெளியூர்க் கலைஞர்கள் டோல், தாசா என்னும் மேளங்களுடன் நிற்கிறார்கள். விழா நடத்துபவர்கள் வந்து கூலி பேசி அழைத்துப் போகிறார்கள்.

தாராவித் தமிழர்களும் அந்த வழியாகப் போகிறார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மேளத்தைக் கேட்டதும் ஊர்ப் பறை நினைவுக்கு வரும். சிலருக்கு மகிழ்ச்சி. சிலருக்கு மனதில் வலி. ஒரே மேளம் மகிழ்ச்சியும் தருகிறது, வலியும் தருகிறது. ஏன்?

பறை என்றால் என்ன?

பறை ஒரு பழைய தோல் கருவி. வட்டமான மரச்சட்டம். அதன் ஒரு பக்கத்தில் மாட்டுத் தோல். இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். ஒன்று குட்டையானது, தடித்தது. மற்றொன்று நீளமானது, மெல்லியது.

அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காட்டுவார்கள். சூட்டில் தோல் இறுகும். அப்போதுதான் ஒலி கணீரென்று எழும். தோல் தளர்ந்தால் மறுபடியும் காய்ச்ச வேண்டும்.

பறை என்றால் சொல் என்றும் பொருள். மலையாளம் பேசுகிறவர்கள் இன்றும் "சொல்" என்பதற்குப் "பற" என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊருக்குச் செய்தி சொல்லப் பறை அடித்தார்கள். மலை, காடு, வயல், கடற்கரை என்று நிலத்துக்கு ஒரு பறை இருந்ததாகத் தொல்காப்பியத்திலிருந்து தெரிகிறது.

வலி எங்கிருந்து வந்தது?

இவ்வளவு பழமையான இசை. ஆனால் அடித்தவருக்கு மதிப்பு இல்லை. ஒரு சாதிக்கு உரிய வேலை என்று அதை ஒதுக்கினார்கள். சாவு விழுந்தால் வந்து அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அதற்குக் கொடுத்த கூலியோ மிகக் குறைவு.

"இனிமேல் அடிக்க மாட்டோம்" என்று பல ஊர்களில் மக்கள் சொன்னார்கள். சில இடங்களில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். அது தவறா? இல்லை. தன்மானம் உள்ளவர்கள் எடுத்த முடிவு அது.

ஆனால் வேறு சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். "இழிவு பறையில் இருக்கிறதா? நம்மைக் கட்டாயப்படுத்தியவர் மனதில் இருக்கிறதா? பறை நம் பாட்டன் சொத்து. அதை ஏன் விட வேண்டும்?"

குழு பிறந்தது

1990ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தொடங்கியது. அருட்சகோதரி சந்திரா இதைத் தொடங்கியவர்களில் ஒருவர். தலித் பெண்கள் பலர் இங்கே பறை கற்றார்கள். அதுவரை பறையை அடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். இப்போது இளம்பெண்கள் இடுப்பில் துணி கட்டி, தோளில் பறை மாட்டி, மேடையில் வரிசையாக நின்றார்கள். சேர்ந்து அடித்தார்கள். சேர்ந்து ஆடினார்கள். பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

வேறு ஊர்களிலும் குழுக்கள் உருவாயின. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வேலு ஆசான் ஊர் ஊராகப் பலருக்குப் பறை கற்றுக்கொடுத்தார். 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இசைக்கு நாட்டின் மரியாதை கிடைத்தது.

குழு என்ன செய்கிறது?

ஒருவருக்கு மட்டும் தெரிந்த அடி அவரோடு போய்விடும். பத்துப் பேருக்குத் தெரிந்த அடி பிழைக்கும்.

குழுவில் புதியவர் வரிசையின் கடைசியில் நிற்பார். முதலில் அடியை வாயால் சொல்லிப் பழகுவார். பிறகு குச்சியைப் பிடிப்பார். அவர் தவறினாலும் பக்கத்தில் இருப்பவரின் அடி தாங்கிக்கொள்ளும். பயம் போகும். கை பழகும். நாளை அவரே முன்னால் நின்று மற்றவர்களை நடத்துவார்.

குழுவுக்கு இன்னொரு பலமும் உண்டு. தனி ஆளிடம் "இவ்வளவுதான் கூலி" என்று சொல்லிவிடலாம். குழுவிடம் அப்படிச் சொல்ல முடியாது. எங்கே அடிப்பது, எங்கே அடிப்பதில்லை, எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் என்று குழுவே முடிவு செய்யலாம். பேசியதைத் தாளில் எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடலாம். பின்னால் தகராறு வராது. வந்த பணத்தையும் கணக்கு எழுதிப் பிரித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. அதில் சேரவும் விண்ணப்பம் எழுத வேண்டும். கலைஞருக்கும் எழுத்து வேண்டும்.

மறுபடியும் தாதருக்கு வருவோம். அங்கே மேளத்தோடு நிற்பவரும் ஒரு கலைஞர்தான். அவருடைய தாத்தா அடித்த தாளம் அவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் சற்று நின்று கேளுங்கள். கூலி பேசுகிறவராக இருந்தால், மரியாதையோடு பேசுங்கள். நியாயமான கூலி கொடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேளுங்கள். "உங்கள் ஊரில் என்ன பாட்டு பாடுவீர்கள்?" ஒரு தாலாட்டு வரலாம். ஒரு கும்மிப் பாட்டு வரலாம். அதை நோட்டில் எழுதுங்கள். நான்கு பேர் சேர்ந்து பாடிப் பாருங்கள்.

கலந்து பேசுங்கள்

1. பறையைத் தீயில் காட்டுவது ஏன்?
2. சிலர் பறையை அடிக்க மறுத்தார்கள். சிலர் அதைக் கையில் எடுத்தார்கள். இரண்டு பேருடைய நியாயமும் என்ன?
3. குழுவாகச் சேர்வதால் கலைஞருக்கு என்ன நன்மை?
4. உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றின் பெயரை எழுதுங்கள்.